பிரேக்கை மிதித்தால் இடப்பக்கம்

தேவதாசன் பிரேக்கை மிதித்தால், அவருடைய அம்பாசிடர் இடப்பக்கம் திரும்பப்போவதாக உலகுக்கு அறிவித்தது. வலப்பக்கம் திரும்ப இண்டிகேட்டரைப் போட்டால், நம்பர் பலகை விளக்கு கண்ணடித்தது. ஹெட்லைட்டைப் போட்டாலோ ஒன்று எரிந்தது. மற்றொன்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

எழுபத்து நான்காம் வருடத்து வண்டி. அன்று மாலை நான்கு மணிக்குள் எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று வாங்கியாக வேண்டும், கெடு அத்தோடு முடிகிறது. வாங்காவிட்டால் வண்டி பழைய இரும்புக்கடை பாதுஷாவுக்குப் போய்விடும். இந்த ஒப்பந்தத்தை மனைவி ஏசுவடியாள் எழுத, அவர் கையெழுத்திட, அது ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்தின் கீழ் தொங்கிக்கொண்டிருந்தது. படித்த குடும்பம், சண்டையைக்கூட எழுத்தில்தான் போடும். கார் நிற்கும் இடத்தில் டியூஷன் ஷெட் போடுவதற்காக அவள் தகரம் வாங்கிச் சாத்தி ஆறு மாதமாகிறது.

சங்கரன்கோவிலில் எஃப்.சி.க்குப் போகிற எந்த வண்டியும் புதுப் பெயிண்ட் அடித்துக்கொண்டுதான் போகும். பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் எஞ்சின் இருமினாலும் பாதகமில்லை, உடம்பு பளபளக்க வேண்டும் என்பது ஊர் நம்பிக்கை. தேவதாசன் அந்த நம்பிக்கையில் அடிப்படைவாதி. விளக்குகளையெல்லாம் கழற்றிவைத்து, திருகாணித் துளைகளுக்குள்ளும் பிரஷ் விட்டு, மூன்று கோட்டிங் அடிக்கச் செய்திருந்தார். பெயிண்ட் அடித்ததற்கு முந்தின நாள்வரை எல்லா விளக்குகளும் ஒழுங்காக எரிந்தன என்பதை அவர் கவனிக்காமலில்லை. ஆனால் அவர் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்துபவர். இத்தனை எளிய காரணம் அவருடைய தகுதிக்குக் குறைவாக இருந்தது.

ஆகவே விடுப்பெடுத்து, மூன்று நாட்களாகக் காரை வாசித்தார். சுவிட்சுகளை நெடுக்கிலும் விளக்குகளைக் குறுக்கிலும் போட்டு, கிராஃப் தாளில் அறுபத்து நான்கு கட்டங்கள் வரைந்து வண்ணம் தீட்டினார். பல்பை மாற்றினார், ஃபியூஸை மாற்றினார், சுவிட்சையே மாற்றினார். ஒவ்வொரு மாற்றத்துக்கும் கார் புதியதொரு அர்த்தத்தைத் தந்தது. அதில் அவருக்கு உள்ளூர மகிழ்ச்சி இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கடைசியில், கோளாறு தனிப்பட்ட விளக்குகளில் இல்லை, விளக்குகளுக்கு இடையிலான உறவில் இருக்கிறது என்ற முடிவுக்கு வந்தார். முடிவு அழகாக இருந்தது. விளக்குதான் எரியவில்லை.

நான்காம் நாள், கெடு முடியும் நாளன்று, நண்பகலில் வேறு வழியின்றி ஹஸ்னா பானுவுக்குப் போன் போட்டார். ராஜபாளையம் ரோட்டில் வண்டி எலக்ட்ரிக் கடை வைத்திருப்பவள். வந்ததும் அவர் நீட்டிய தாளை மரியாதையோடு பார்த்தாள்.

"நல்லா கலர் அடிச்சிருக்கீங்க, சார்."

பிறகு நீளமான ஒயர் ஒன்றை எடுத்து, ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவிலும் மறு முனையைப் பின்விளக்கின் தகரத்திலும் வைத்தாள். "மிதிங்க." மிதித்தார். பிரேக் லைட் சிவந்தது.

"எர்த் இல்ல சார். வெளக்குக்குப் போற கரண்டு பாடி வழியா பேட்டரிக்குத் திரும்பணும்லா? நடுவுல பெயிண்ட ஊத்தி அடைச்சு வச்சிருக்கீங்க. அது வழி தெரியாம பக்கத்து வெளக்குக்குள்ள பூந்து ஓடுது."

சுற்று முழுமையடையாவிட்டால் மின்னோட்டம் இல்லை என்பதை இருபத்தாறு வருடமாக அவர் நடத்தி வருகிறார். கரும்பலகையில் நடத்தும்போது பெயிண்ட் குறுக்கிட்டதில்லை.

"அதுக்கு என்ன செய்யணும்?"

"திருகாணி உக்காருத எடத்துல காசளவு சுரண்டணும்."

"சுரண்டுததா? ஏம்மா, மூணு கோட்டிங்கு!"

"வெளக்குக்கு அடியில சார். யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியுமே!"

சுரண்டாமலேயே புறப்பட்டார். அந்தப் பளபளப்பைப் பார்த்த பிறகு எந்த மனிதன் பிரேக்கை மிதிக்கச் சொல்வான்? ஹஸ்னாவும் ஸ்கூட்டரில் பின்னாலேயே வந்தாள். பரிசோதனைத் திடலில் அவளுடைய வாடிக்கைக்காரன் பேச்சிராஜாவின் லோடு ஆட்டோவுக்கும் அன்றுதான் எஃப்.சி. வரிசையில் அது அம்பாசிடருக்குப் பின்னால் வந்து, முட்டாத குறையாக நின்றது.

"அண்ணாச்சி, நிக்கப் போறீயளா, திரும்பப் போறீயளா?" என்று பேச்சிராஜா தலையை நீட்டிக் கத்தினான். "நீங்களும் வண்டியும் பேசி ஒரு முடிவுக்கு வாங்க!"

இன்ஸ்பெக்டர் காரைச் சுற்றி வந்தார். பானெட்டில் தம் முகத்தைக் கண்டு தலைமுடியைச் சரிசெய்துகொண்டார். தேவதாசனின் நெஞ்சு நிமிர்ந்தது.

"பிரேக்."

இடது இண்டிகேட்டர் எரிந்தது.

"ரைட் இண்டிகேட்டர்."

நம்பர் பலகை கண்ணடித்தது.

"சார், இதுக்குக் காரணம் என்னன்னா..." தேவதாசன் கிராஃப் தாளை விரித்தார்.

"காரணத்துக்கு எஃப்.சி. குடுக்கிறதில்ல சார், வெளக்குக்குத்தான். நாலு மணிக்கு கேட்டப் பூட்டிருவோம்."

மணி மூன்று இருபது. கைப்பேசி அடித்தது, ஏசுவடியாள்.

"பாதுஷா ஆளனுப்பவான்னு கேக்காரு. என்ன சொல்லட்டும்?"

"அர மணி நேரம் பொறுக்கச் சொல்லு," என்றார்.

ஹஸ்னா விளக்குகளைக் கழற்றினாள். கத்தியை அவரிடம் நீட்டினாள்.

"நீங்களே சுரண்டுங்க சார். நான் சுரண்டுனா ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவீங்க."

முதல் மூன்று இடங்களைக் குழந்தையின் காலில் முள்ளெடுப்பதுபோல் சுரண்டினார். நான்காவதில் பார்க்க மனம் தாளாமல் கண்ணை மூடிக்கொண்டார். கத்தி வழுக்கியது. பின்விளக்கிலிருந்து கதவை நோக்கி, ஒரு முழத்துக்கு, வெள்ளைக் கோடு விழுந்தது. பேச்சிராஜாகூட நாக்கைக் கடித்துக்கொண்டான். தேவதாசன் விளக்கைப் பொருத்தித் திருகாணியை முடுக்கினார்.

நான்குக்குப் பத்து நிமிடம் இருக்க மறுபடி மிதித்தார். இரண்டும் சிவந்தன. இடது இடதாகவும் வலது வலதாகவும் இருந்தது. ஹெட்லைட்டுகள் ஒன்றையொன்று பார்க்காமல் நேரே பார்த்தன.

இன்ஸ்பெக்டரின் விரல் கோட்டின்மேல் நின்றது. "புதுப் பெயிண்டுல இதென்ன சார்?"

"கரண்டு திரும்பிப் போற வழி சார்."

வாத்தியார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ, இன்ஸ்பெக்டர் தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

தேவதாசன் வீட்டுக்குப் போன் போட்டு, ஐந்து வருடத்துக்குக் கிடைத்துவிட்டது என்றார்.

"சரி, ஷெட்ட மாடியில போட்டுக்கிடுதேன்," என்றாள் ஏசுவடியாள். "அந்தத் தகரத்த மேல ஏத்த ஆள் கெடையாது. சீக்கிரம் வாங்க."