கொக்கியில் தொங்கிய ஜெர்சி

அணியில் அவளை எல்லோரும் சித்தி என்றுதான் கூப்பிட்டார்கள். யாருக்கும் அவள் சித்தி இல்லை. மற்ற பெண்களெல்லாம் நேற்றுத்தான் பள்ளிக்கூடத்தை விட்டு வந்தவர்கள் போல இருப்பார்கள். இவள் மட்டும் கல்யாணமாகி, ஒரு மகளையும் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, முட்டியில் தைலத்தைத் தேய்த்துக்கொண்டே பயிற்சிக்கு வருவாள். அதனால் அந்தப் பெயர். நாட்டின் பெண்கள் கால்பந்து லீக்கில், மேல் பிரிவில் ஆடுகிற ஒரு கிளப்பின் இரண்டாவது கோல்கீப்பர் அவள்.

இரண்டாவது கோல்கீப்பரின் பிழைப்பு என்ன பிழைப்பு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். முன்னால் ஆடுகிறவள் களைத்துப்போனால் இன்னொருத்தி இறங்குவாள். நடுவில் ஆடுகிறவள் சொதப்பினால் இன்னொருத்தி இறங்குவாள். கோல்கீப்பர் களைப்பதுமில்லை, அவளை லேசில் மாற்றுவதுமில்லை. முதல் கோல்கீப்பருக்கு அடிபட்டால்தான் இரண்டாவதுக்கு வேலை. கூட இருக்கிற பெண்ணுக்கு அடிபடட்டும் என்று யாராவது வேண்டிக்கொள்ள முடியுமா, பாவம்? ஆகவே வாரா வாரம் ஆட்டத்துக்கு முன்னால் முதல் கோல்கீப்பருக்குப் பந்தை உதைத்து உதைத்து அவள் கையைச் சூடாக்கிவிட்டு, போய்ப் பெஞ்சில் உட்கார வேண்டியதுதான்.

முதல் கோல்கீப்பர் ஒரு நெட்டைப் பெண். ஏணி என்று பட்டப்பெயர். லேசாக எம்பினாலே கோல் போஸ்டின் மேல்கம்பம் கைக்கு வந்துவிடும். கெட்டிக்காரி, கொஞ்சம் வாய்க்காரி. சித்திக்கு அவள் மேல் பொறாமை கிடையாது. பொறாமைப்படுவதற்கும் ஒரு நம்பிக்கை வேண்டுமே!

இப்படியே சீசன் மேல் சீசனாகப் பெஞ்சில் உட்கார்ந்ததில் சித்திக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. கோல்கீப்பர் ஜெர்சியின் கழுத்துக்குப் பின்னால் தகரம் மாதிரி ஒரு லேபிள் இருக்கும். ஓடியாடும்போது அது தெரியாது. சும்மா உட்கார்ந்திருந்தால்தான் கழுத்தை அறுக்கும். அதனால் அவள் ஜெர்சியை உடைமாற்றும் அறைக் கொக்கியிலேயே தொங்கவிட்டுவிடுவாள். வீட்டிலிருந்து போட்டுவந்த பழைய பனியனுக்கு மேல் அணியின் கோட்டை மாட்டி, ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். உள்ளே என்ன இருக்கிறது என்று யார் வந்து பார்க்கப்போகிறார்கள்?

பார்க்கிற நாளும் வந்தது.

சீசன் பாதி ஓடியிருந்தது. அணி பட்டியலின் அடிவாரத்தில் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. கடைசி இடத்தில் முடித்தால் கீழ்ப் பிரிவுக்கு இறக்கிவிடுவார்கள். இறங்கினால் பெண்கள் அணியையே இழுத்து மூடிவிடுவேன் என்று கிளப் முதலாளி சொல்லியாகிவிட்டது. அன்றைக்கு ஆட்டம் சமநிலையில் இருந்தது. முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான். அப்படியே முடிந்தால் ஒரு புள்ளி கையில். அப்போது ஏணி ஒரு பந்துக்கு எம்பி, இறங்கும்போது கணுக்கால் மடங்கி விழுந்தாள். விழுந்த விதத்திலேயே தெரிந்துவிட்டது, அவள் எழுந்திருக்க மாட்டாள் என்று.

"சித்தி, இறங்கு!" என்றார் கோச்.

சித்தி எழுந்தாள். பழக்கதோஷத்தில் ஜிப்பை சர்ரென்று கீழே இழுத்தாள். அவள் வீட்டுக்காரர் ஃபிரிட்ஜ் மெக்கானிக். அவர் வேலை பார்க்கிற கம்பெனி சும்மா கொடுத்த நீலப் பனியன் அது. நெஞ்சு நிறைய எழுதியிருந்தது: 'எப்போதும் குளிர்ச்சி! ஐந்து வருட உத்தரவாதம்!'

கோச் பனியனைப் படித்தார். மறுபடியும் படித்தார்.

"ஜெர்சி எங்கம்மா?"

"உள்ள… கொக்கியில…"

அவள் ஓடினாள். அறை பூட்டியிருந்தது. சாவி வைத்திருந்த, அணியின் சாமான்களைப் பார்த்துக்கொள்கிறவர் மைதானத்தின் அந்தக் கோடியில் ஸ்ட்ரெச்சருக்குக் கைகொடுத்துக்கொண்டிருந்தார். தன் எண் போட்ட ஜெர்சி இல்லாமல் மாற்று ஆளை ரெஃபரி உள்ளே விட மாட்டார்; எவ்வளவு நேரம்தான் பொறுப்பார்? வேறு வழியில்லாமல், தடுப்பாட்டக்காரி ஒருத்தி யாருடைய பயிற்சிச் சட்டையையோ மாட்டிக்கொண்டு கோலுக்குள் போய் நின்றாள். கார்னர் வந்தது. மைதானத்தின் மூலையிலிருந்து பறந்து வந்த பந்துக்கு அந்தப் பெண் கோழி பிடிக்கிறவள் மாதிரி கையை விரித்தாள். பந்து அவள் கைக்கும் கம்பத்துக்கும் நடுவே உள்ளே போய்விட்டது.

சித்தி ஜெர்சியோடு மூச்சிரைக்க ஓடிவந்தபோது எதிரணி கட்டிப்பிடித்துக் குதித்துக்கொண்டிருந்தது. அந்த ஒரு புள்ளி போயே போய்விட்டது.

யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. திரும்பும்போது பஸ்ஸில் அவள் பக்கத்து இருக்கை காலியாகவே வந்தது. இதற்குள் யாரோ எடுத்த படம் ஊரெல்லாம் போனில் சுற்ற ஆரம்பித்துவிட்டது.

வீட்டில் நாத்தனார் வாசலிலேயே காத்திருந்தாள். வீட்டின் முன்னறையில் தையல் மெஷின் போட்டு உட்கார்ந்திருப்பவள். வாய் ஒரு பக்கம் ஓடும், மெஷின் ஒரு பக்கம் ஓடும்.

"அண்ணி, நம்ம அண்ணன் கம்பெனிக்கு இவ்வளவு பெரிய விளம்பரம் யாரும் செஞ்சதில்ல. சம்பளம் ஏத்தித் தரச் சொல்லுங்க!"

"ஏய், நீ சும்மா இரு," என்றார் வீட்டுக்காரர். அவர் முகத்திலும் சிரிப்பு முட்டிக்கொண்டு நின்றது. மனைவியின் முகத்தைப் பார்த்ததும் அதை விழுங்கிக்கொண்டார். "ஏன் ஜெர்சிய கழட்டி வச்ச?"

"லேபிள் கழுத்த அறுக்குதுங்க."

"எங்க, கொண்டாங்க அந்த ஜெர்சிய," என்றாள் நாத்தனார்.

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். நாத்தனார் காலரைத் திருப்பினாள். சின்னக் கத்தரியை எடுத்தாள். நறுக்கென்று ஒரு சத்தம். லேபிள் தரையில் விழுந்தது. "இதுக்கா அண்ணி, இத்தன வருஷம்?"

அவள் குத்திக்காட்டத்தான் சொன்னாள். ஆனால் குத்தியது வேறு இடத்தில். சித்தி அந்தத் துண்டு லேபிளைக் குனிந்து எடுத்தாள். விரல் நகம் அளவுதான் இருந்தது. ஒரு கத்தரி தேடக்கூட அவளுக்குத் தோன்றவில்லையே, ஏன்? தன்னை யாரும் கூப்பிடப்போவதில்லை என்று மனசுக்குள் என்றைக்கோ முடிவு கட்டிவிட்டாள். அதற்கு லேபிள் மேல் பழியைப் போட்டுவிட்டாள். அவ்வளவுதான் விஷயம்.

"என்னங்க, நான் விட்டுட மாட்டேன்," என்றாள்.

"எத?"

"அந்தப் புள்ளிய. நான்தான் தொலைச்சேன். நானே திருப்பிக் கொண்டாருவேன்."

"கொண்டா. யாரு வேண்டாம்னா?" என்றார் வீட்டுக்காரர். "முதல்ல கையக் கழுவிட்டு வந்து சாப்பிடு."

மறுநாள் காலையில் அவள் எழுந்ததும் முதல் வேலையாக ஜெர்சியைப் போட்டாள். அடுப்பு மூட்டியது அதோடு, மகளுக்குத் தலை பின்னியது அதோடு. "அம்மா, இதோட ஸ்கூலுக்கு வராதம்மா," என்று மகள் கெஞ்சினாள். அதோடுதான் போனாள்.

கோச் அவளை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அடுத்த ஆட்டத்தில், கல்லூரியில் படிக்கிற மூன்றாவது கோல்கீப்பரை இறக்கினார். அந்தச் சின்னப் பெண் ஒரு கை நிறைய கோல் வாங்கிவிட்டு அழுதுகொண்டே வெளியே வந்தாள். அதற்கடுத்த ஆட்டத்தன்று அறை வாசலில் கோச் நின்றார். சித்தி கோட்டின் ஜிப்பைக் கீழே இழுத்துக் காட்டினாள். உள்ளே பச்சை ஜெர்சி.

"ம்," என்றார் கோச். "கையுறைய மாட்டு."

மைதானத்துக்குள் அவள் கால் வைத்ததும் எதிரணி ரசிகர்கள் எழுந்து நின்றார்கள். "உத்தரவாதம்! உத்தரவாதம்!" என்று தாளம் போட்டுக் கத்தினார்கள். சித்திக்கு அது மட்டும்தான் காதில் விழுந்தது. பந்து முதல் தடவை கைக்கு வரும்வரைதான். வந்த பிறகு அது பந்து. அவள் கை அவள் கை.

ஒரேயடியாக ஜெயித்துத் தள்ளிவிட்டார்கள் என்று நான் சொன்னால் நீங்கள் நம்ப வேண்டாம். தோற்றார்கள், சமன் செய்தார்கள், ஒன்றிரண்டு ஜெயித்தார்கள், மறுபடியும் தோற்றார்கள். மழையில் ஆடினார்கள், மண்டையைப் பிளக்கிற வெயிலில் ஆடினார்கள். நாடு முழுக்கப் பஸ்ஸில் போய், கால் நீட்ட இடமில்லாமல் தூங்கி, வீங்கின முட்டியோடு இறங்கி ஆடினார்கள். சித்தி உயரம் குறைவு. மேலே வரும் பந்தை ஏணி மாதிரிப் பிடிக்க முடியாது. ஆகவே குத்தித் தள்ளினாள். பாய்ந்து பிடிக்க முடியாததைக் காலால் தடுத்தாள். முன்னால் நிற்கிற பெண்களைத் தொண்டை கிழியக் கத்தி நிறுத்தினாள். "இடது பக்கம் வாடி! தூங்கறியா? உனக்குப் பாய் போடட்டுமா?" வீட்டில் மகளை எழுப்புகிற அதே குரல்தான். பெண்கள் சிரித்துக்கொண்டே இடது பக்கம் ஓடினார்கள். பஸ்ஸில் அவள் பக்கத்து இருக்கையில் இப்போது யாராவது வந்து உட்கார்ந்தார்கள்.

கடைசி ஆட்டத்துக்கு வந்தபோது நிலைமை இதுதான்: சமன் செய்தால் மேலே இருக்கலாம். தோற்றால் கீழே, அணியும் இல்லை. அதாவது, ஒரு புள்ளி வேண்டும். அவள் தொலைத்த அதே ஒரு புள்ளி.

ஏணிக்குக் கணுக்கால் சரியாகிவிட்டது. ஆனால் ஓடிக்கொண்டிருக்கிற வண்டியில் சக்கரத்தை மாற்ற வேண்டாம் என்று கோச் நினைத்தார். "சித்தி ஆடட்டும். ஏணி பெஞ்சு," என்றார். ஏணி தலையாட்டினாள். பெஞ்சில் உட்கார்ந்து அவளுக்குப் பழக்கமே கிடையாது.

எல்லோரும் அறையை விட்டு வெளியேறினார்கள். சித்தி கடைசியாகக் கையுறையை இறுக்கிக்கொண்டே திரும்பியவள், அப்படியே நின்றுவிட்டாள். கொக்கியில் ஒரு பச்சை ஜெர்சி தொங்கிக்கொண்டிருந்தது.

"ஏய், ஏணி! இங்க வா."

ஏணி கோட்டை இழுத்துப் போர்த்தியபடி திரும்பி வந்தாள்.

"இது என்ன?"

"சும்மா உக்காந்தா கழுத்த அறுக்குது சித்தி. ஆடறப்போ தெரியவே தெரியாது, ஆச்சரியமா இருக்கு. எப்படியும் நீங்கதானே ஆடப் போறீங்க? நான் உக்காந்துட்டுத்தானே வரப்போறேன்."

சித்தி கத்தரி தேடினாள். அறையில் கத்தரி இல்லை. ஜெர்சியைக் கொக்கியிலிருந்து இழுத்தாள், காலரைத் திருப்பி வாயில் வைத்தாள், லேபிளைப் பல்லால் கடித்து வெடுக்கென்று பிய்த்துத் துப்பினாள். லேபிளோடு காலரும் கொஞ்சம் வந்துவிட்டது.

"ஐயோ, என்ன சித்தி இது?"

"போடு."

"எனக்கு எங்க சித்தி வேல வரப்போகுது…"

"அதத்தான்டி நானும் சொல்லிட்டிருந்தேன். ஊரே பாத்துச்சு. போடுடி, போடு!"

ஏணி கோட்டைக் கழற்றினாள். அவள் போட்டு முடிக்கும்வரை சித்தி பார்த்துக்கொண்டே நின்றாள். அதற்குப் பிறகுதான் மைதானத்துக்கு நடந்தாள்.

ஆட்டம் முழுக்க எதிரணி அடித்துக்கொண்டே இருந்தது. சித்தி தடுத்துக்கொண்டே இருந்தாள். இரண்டு பக்கமும் கோல் இல்லை. கூட்டத்தில் வீட்டுக்காரரும் மகளும் எழுந்து நின்றபடியே இருந்தார்கள். நாத்தனார் மட்டும் பார்க்கப் பயந்து முகத்தைப் பொத்திக்கொண்டு, "என்ன ஆச்சு? என்ன ஆச்சு?" என்று அண்ணனைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

முடிகிற நேரத்தில் எதிரணிக்காரி ஒருத்தி தனியாகப் பந்தோடு வந்தாள். சித்தி யோசிக்கவில்லை. அவள் காலடியில் பாய்ந்தாள். பந்து கையில் பட்டு வெளியே போனது. பின்னாலேயே வந்த பூட்ஸும் அதே கையில் பட்டது. வலி தோள்வரை ஏறியது. கோல் இல்லை, கார்னர்.

அவள் எழுந்து விரல்களை மடக்கிப் பார்த்தாள். வலது கை மடங்கவில்லை.

"முடியுமா?" என்று மைதான எல்லைக்கு வெளியிலிருந்து கோச் கத்தினார்.

முடியும் என்று சொல்ல வாய் திறந்துவிட்டது. இந்த ஒரு நிமிஷத்துக்காகத்தானே பாதி சீசன் ஓடினாள்! தன் கையால் தொலைத்ததைத் தன் கையால் வாங்க வேண்டும் என்றுதானே விடிந்ததும் ஜெர்சியைப் போட்டாள்! கூட்டத்தில் யாரோ "உத்தரவாதம்!" என்று ஆரம்பித்தார்கள். இந்தத் தடவை கத்தியது அவர்களுடைய சொந்த ரசிகர்கள். அந்தச் சத்தத்தில் நின்றுவிட ஆசையாகத்தான் இருந்தது.

ஆனால் வரப்போவது மேலே பறந்துவரும் பந்து. ஒற்றைக் கையோடு அங்கே நிற்பது, ஜெர்சியில்லாமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்ததற்கு எந்த விதத்தில் உசத்தி? புள்ளி வந்தால் போதும். எந்தக் கை வாங்கினால் என்ன?

இடது கையை உயர்த்திச் சுழற்றினாள். 'மாத்துங்க.'

ஏணி எழுந்தாள். ஜிப்பைக் கீழே இழுத்தாள். உள்ளே பச்சை. கோட்டு தரையில் விழுவதற்குள் அவள் ஓட ஆரம்பித்துவிட்டாள். யாரும் சாவி தேடவில்லை; ரெஃபரி யாருக்காகவும் காத்திருக்கவில்லை.

எதிரில் வந்தபோது ஏணி, "சித்தி, ரொம்ப நாளாச்சு சித்தி, பயமா இருக்கு," என்றாள்.

"இருக்கட்டும். நீ சும்மா எம்பு. மிச்சத்த உன் உயரம் பாத்துக்கும்."

கார்னர் வந்தது. ஆறேழு தலைகள் ஒன்றாக எழுந்தன. அத்தனை தலைகளுக்கும் மேலே இரண்டு நீளக் கைகள் போய், மரத்திலிருந்து பழத்தைப் பறிப்பது போலப் பந்தைப் பறித்துக்கொண்டு இறங்கின. ஏணி பந்தின் மேலேயே குப்புறப் படுத்துக்கொண்டாள். அவள் எழுந்து உதைத்த பந்து தரையைத் தொடுவதற்குள் விசில் அடித்துவிட்டது.

சித்தி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அணியின் டாக்டரம்மா அவள் மணிக்கட்டுக்கு ஐஸ் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார். கோச் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கீழே கிடந்த கோட்டை எடுத்து அவள் தோளில் போர்த்தினார். ஜிப்பைப் போட வந்தவரை, "இல்ல, அது திறந்தே இருக்கட்டும்," என்று சித்தி தடுத்துவிட்டாள்.

பெண்களெல்லாம் மைதானத்தில் உருண்டுகொண்டிருந்தார்கள். ஏணி மட்டும் அவர்களை விலக்கிக்கொண்டு ஓடிவந்தாள். கண்ணெல்லாம் தண்ணீர். பிடரியைத் தடவிக்கொண்டே சொன்னாள்:

"சித்தி, காலர்ல ஓட்ட. காத்து வருது."

"வீட்டுக்கு வா," என்றாள் சித்தி. "என் நாத்தனார் தைச்சுத் தருவா. கொஞ்சம் பேசுவா, பொறுத்துக்கணும்."