ஐந்து புள்ளி எட்டு

நூற்று இருபத்தாறு கிலோவோடு ஆஸ்பத்திரிக்குப் போன என் வீட்டுக்காரர் திருச்செல்வம், இரைப்பையைச் சுருக்கிக் குடலை மாற்றித் தைத்துக்கொண்டு, ஐந்தாம் நாள் கூலாக வீட்டுக்குத் திரும்பியபோது நூற்று இருபத்திரண்டு. நாலே கிலோ! இதற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது.

மறுநாள் காலை வழக்கம்போல் அவர் விரலில் குத்தி இனிப்புநீருக்கு ரத்தத்தில் சர்க்கரை பார்த்தேன். ஐந்து புள்ளி எட்டு, நோயே இல்லாதவர் அளவு. ஒன்பது வருடத்தில் அந்த மிஷின் பத்துக்குக் கீழே காட்டியதே இல்லை. மறுபடி குத்தினேன். அதே எண்.

“பேட்டரி போயிருச்சுங்க” என்றேன்.

“நர்ஸ் இன்சுலின நிறுத்தச் சொன்னாங்களே, கஸ்தூரி?”

“அந்தப் பொண்ணுக்கு என்ன தெரியும்? உங்க தொப்பை அப்படியேதான இருக்கு. உடம்பு இளைக்காம சுகர் மட்டும் எங்க ஓடிரும்? பேசாம கைய நீட்டுங்க லா.”

நீட்டினார். பழைய அளவு, முப்பத்தாறு யூனிட், ஒரு சொட்டு குறையாமல் போட்டேன்.

ஒன்றரை மணி நேரம் கழித்து சூப் கொண்டுபோனேன். பனியன் தொப்பலாக நனைந்திருந்தது. கண் திறந்திருந்தும் என்னை அடையாளம் தெரியவில்லை. “அம்மா” என்று குழறினார். விரலில் குத்தினேன். ஒன்று புள்ளி ஒன்பது. மிஷின் காலையிலிருந்தே சரியாகத்தான் இருந்திருக்கிறது! அவர் கன்னத்துக்குள் தேனைத் தடவிக்கொண்டே ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். சொந்த வீட்டு முகவரி நாக்கில் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றி அவரை மீட்டார்கள். டாக்டர் நர்மதா என் பக்கம் திரும்பினார்.

“குடல் பாதை மாறுனதும் உடம்பு சர்க்கரையக் கையாள்ற விதமே மாறிருதும்மா. எடை குறைய மாசக்கணக்காகும், சுகர் சில நாள்லயே இறங்கிரும். அதுவும் இவர் குடிக்கிறது நாலு வாய் சூப்பு. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா உயிர் போயிருக்கும். யார் ஊசி போட்டது?”

ஒன்பது வருடமாக அவரைக் காப்பாற்றுவதாக நினைத்துச் செய்த வேலை. அதைத்தான் இன்றைக்கும் செய்தேன்.

“நான்தான் டாக்டர்” என்று படுக்கையிலிருந்து ஈனக்குரல் வந்தது. “நானே போட்டுக்கிட்டேன். இவ வேணாம்னுதான் சொன்னா.”

ஊசியைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் மனிதர். என் கையால் செத்துப்போயிருக்க வேண்டியவர், எனக்காகப் பொய் சொல்கிறார்!

“பொய் சொல்றாரு டாக்டர். நான்தான் போட்டேன்” என்றேன். சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது.