கண்ணளவு

செங்கல்வராய ஆசாரியின் உளி தரையில் கிடந்து ஓனரின் பாதத்தைக் கிழித்த அன்றுதான், ஆயுதங்களை மாட்டச் சுவரில் ஒரு ரேக்கு வேண்டும் என்ற பேச்சு வந்தது. திருப்பதியில் பஸ்ஸுக்கு பாடி கட்டும் ஷெட் அது. ஆந்திரா பிரிந்து ஐந்து வருஷமாகியும் எந்த ஊர் எந்தப் பக்கம் என்ற இழுபறி ஓயவில்லை. மலைக்கு வரும் கூட்டமும் ஓயவில்லை. ஆசாரிகள் நாலு பேருக்கும் வேலை தலைக்கு மேல் கிடந்தது.

ஏகாம்பரம் செய்யட்டும் என்றார் மேஸ்திரி சின்னசாமி. பாலசமுத்திரத்துச் சேரியிலிருந்து வந்து ஷெட்டில் பலகை சுமக்கிறவன் அவன். மெட்ராஸில் படகு கட்டுமிடத்தில் ஆறு வருஷம் மரவேலை பழகியவன் என்பதை இங்கே யாரும் சட்டை செய்ததில்லை. ரேக்கு நன்றாக வந்தால் சுமையை விட்டு பெஞ்சு வேலைக்கு எடுத்துக்கொள்வதாக மேஸ்திரி வாக்குக் கொடுத்தார். தோள்பட்டை காய்த்து, கழுத்து கோணிப்போனவனுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்.

ஒரு சிக்கல்தான். அளவெடுக்க ஆயுதங்களைக் கையில் எடுக்க வேண்டும். அவன் கை பட்ட ஆயுதத்தை ஆசாரிகள் தொட மாட்டார்கள். அவன் கேட்கவும் இல்லை. பலகை தூக்கிப் போகும்போதும் வரும்போதும் பார்த்துக்கொண்டே போனான். உளியின் காம்பு ஆசாரியின் கட்டைவிரலைவிட எவ்வளவு பருமன், ரம்பத்தின் பிடி அவர் கையைத் தாண்டி எத்தனை விரல் நீள்கிறது என்று எட்டு நாள் பார்த்தான். ரத்னம்மா சோற்றைப் போட்டு வைத்துக்கொண்டு கூப்பிட்டால், புருஷன் விரலை மடக்கி மடக்கி அளவு சொல்லிக்கொண்டிருந்தான்.

வேப்பம்பலகையை இழைத்து, துளையும் பள்ளமும் வெட்டி, செங்கல் சுவரில் மரக்கட்டை அறைந்து ஸ்க்ரூ போட்டு நிறுத்தினான். ஆசாரிகள் அவரவர் ஆயுதத்தை மாட்டினார்கள். ஒன்றுகூட மயிரிழை ஆடவில்லை. செங்கல்வராய ஆசாரியின் மரச்சுத்தி ஒரு பக்கம் தேய்ந்து கோணியிருக்கும். அந்தக் கோணலுக்கே பள்ளம் வெட்டியிருந்தான்.

ஆசாரியின் முகம் கறுத்தது.

"எப்படா தொட்டே?"

"தொடலீங்க. பாத்துதான் வெட்னேன்."

"பாத்துக்கினே கோணலை வெட்டிட்டானாம். முப்பது வருசமா உளி புடிக்கிறேன், எனக்கே வராதுடா அது."

நாலு பேரும் ஆயுதங்களைக் கழற்றித் தரையில் போட்டுவிட்டு வெளியே போய் பீடி பற்றவைத்தார்கள். இவன் இருக்கிற ஷெட்டில் தங்களுக்கு வேலை இல்லை என்றார்கள்.

மேஸ்திரி அவனைப் பின்பக்கம் கூட்டிப் போனார். வெள்ளிக்கிழமை பஸ் போயாக வேண்டும். தொட்டதாக ஒப்புக்கொண்டால் மஞ்சள் தண்ணீர் தெளித்து, கற்பூரம் காட்டி எடுத்துக்கொள்வார்கள், பெஞ்சு உனக்குத்தான் என்றார்.

"இல்லன்னு நின்னேன்னா மூட்டையைக் கட்டிக்கினு கெளம்பு. உன் ஊரு எந்த ராஜ்யம்னே முடிவாவல. அங்க எவன்கிட்ட போய் வேலை கேப்பே?"

"நீங்க நம்பறீங்களா மேஸ்திரி?"

"நா நம்பி என்னாடா ஆவப்போவுது."

அவன் முன்பக்கம் வந்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சொன்னான்.

"தொட்டுட்டேன் சாமி. தப்புதான்."

திருடனுக்காவது திருடிய பொருள் கொஞ்ச நேரம் கையில் இருந்திருக்கும்.

அடுத்த திங்களன்று மூலையில் தனியாக ஒரு பெஞ்சு கொடுத்தார்கள். பத்து நாள் கழித்து ஆசாரி புது உளி ஒன்று வாங்கி வந்தார். எட்ட நின்று அதைத் தூக்கிக் காட்டி, இதற்கும் ஒரு துளை போடச் சொன்னார். தொடாமல், என்று சேர்த்துக்கொண்டார். மற்றவர்கள் சிரித்தார்கள்.

ஏகாம்பரத்துக்கு ஒரு பார்வை போதும். காம்பின் பருமன் கண்ணில் அப்படியே நின்றது. துளை போடும்போது அதைவிட அரை விரல் அகலமாகப் போட்டான்.

ஆசாரி மாட்டிப் பார்த்தார். உளி தொளதொளவென்று ஆடியது.

"இப்பத் தெரியுதாடா உன் கண்ணளவு?" என்றார் மனசு நிறைந்து.

"தெரியுதுங்க" என்றான் ஏகாம்பரம்.