கிணற்றடி மேசை

செவ்வாய்க்கிழமை பகல் ஒன்றரை மணிக்குக் கிணற்றடி மேசையிலிருந்து வந்த தட்டை வழித்துக் கொட்டாமல் கொளஞ்சி கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். தட்டின் விளிம்பில் மிளகாய் விதைகள் ஒட்டியிருந்தன. சாப்பிடும்போது சிதறினால் அப்படி ஒட்டாது. ஒவ்வொரு விதைக்கும் நடுவில் ஒரே இடைவெளி விட்டு, யாரோ பொறுமையாக, நகத்தால் தள்ளித் தள்ளி வரிசை கட்டியிருந்தார்கள். விதைகளின் கூர்முனை எல்லாம் ஒரே பக்கம் பார்த்திருந்தது. அப்படி வைக்கிற ஓர் ஆளை அவளுக்குத் தெரியும். அவர் வீட்டை விட்டுப் போய் ஏழு வருஷமாகிறது.

"ஷஃபீக்கு, கெணத்தடியில யாரு சாப்புட்டது?"

பரிமாறுகிற ஷஃபீக் தண்ணீர்க் கூஜாவை நிரப்பிக்கொண்டே சொன்னான். "கொரியாக்காரப் பொண்ணுக்கா. தனியா வந்துச்சி. இன்னாத்துக்கு?"

"ஒண்ணுமில்ல."

அவள் தட்டை வழித்து வாளியில் கொட்டினாள்.

கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி, மஞ்சள் சுவரும் உயரமான கதவுகளுமாக நின்ற பழைய பிரெஞ்சுக்காரர் வீட்டில் லூச்சியாம்மா அந்த உணவகத்தை நடத்திவந்தாள். இத்தாலியின் தெற்குக் கோடியில் ஏதோ மீனவர் ஊரில் பிறந்தவள். புதுச்சேரிக்கு வந்து இருபத்தைந்து வருஷமாகிவிட்டதால் தமிழில் சண்டைகூடப் போடுவாள். அவளுடைய அம்மா வீட்டில் என்ன சமைத்தார்களோ அதுதான் இங்கேயும். ஆனால் கப்பலில் வந்த எதுவும் சமையலறைக்குள் நுழையக் கூடாது. தக்காளி, பூண்டு, மிளகாய் எல்லாம் வில்லியனூர்ப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வரும். பிளாஸ்டிக் பாட்டில் கிடையாது, காகிதத்தில் கை துடைப்பது கிடையாது. பாஸ்தா வேகவைத்த தண்ணீர் ஆறியதும் வாழைக்குப் போகும். மீந்த ரொட்டியைக் காயவைத்துப் பொடித்து, பூண்டும் காய்ந்த மிளகாயும் போட்டு எண்ணெயில் வறுத்து, மறுநாள் பாஸ்தாமேல் தூவுவார்கள். அது அவள் ஊரில் இல்லாதப்பட்டவர்கள் சாப்பாடு என்பாள் லூச்சியாம்மா. வெள்ளைக்காரர்கள் அதைத்தான் விரும்பிக் கேட்டார்கள்.

காலையில் பாஸ்தாவுக்கு மாவு தேய்ப்பது கொளஞ்சியின் வேலை. பன்னிரண்டு மணிக்கு மேல் எச்சில் தட்டு. எல்லாத் தட்டையும் வழித்து, வாளியைத் தராசில் வைத்து, இன்று இவ்வளவு வீணானது என்று வாசல் பலகையில் சாக்பீஸால் எழுத வேண்டும். வருகிறவர்கள் அதைப் படம் பிடித்துக்கொண்டு போவார்கள். ஐந்து வருஷமாக எச்சிலைப் பார்த்தே அவளுக்கு ஆட்களைத் தெரிந்துவிட்டிருந்தது. கோபத்தோடு சாப்பிட்டவர்கள் ரொட்டியின் உட்பகுதியைக் கிள்ளி உருட்டிப் போட்டிருப்பார்கள். ஊருக்குத் திரும்பப் போகிறவர்கள் எண்ணெய்கூட மிச்சமில்லாமல் துடைத்துவிடுவார்கள். முகத்தைப் பார்க்காமலே ஒரு மனுஷரைப் பற்றி இவ்வளவு தெரிந்துகொள்வது சில நாள் அவளுக்குக் கூச்சமாக இருக்கும்.

அவள் புருஷன் பக்கிரி மில்லில் தறி ஓட்டியவர். ஓடுகிற தறியில் அறுந்த இழையைக் கண்ணால் பார்க்காமலே விரல் தேடிப்போய் முடிச்சுப் போடும். மில் மூடிய பிறகு சேதராப்பட்டில் அட்டைப்பெட்டிக் கம்பெனிக்குப் போனார். அங்கே விரலுக்கு வேலையில்லை. வீட்டில் சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தால் வலது கை பிசைந்துகொண்டிருக்கும்போதே இடது கை தட்டின் ஓரத்துக்கு வந்து, குழம்பிலிருக்கிற மிளகாய் விதையை ஒவ்வொன்றாக இழுத்து வரிசையாக வைக்கும். தட்டில் பீச்சாங்கையை வைக்காதே என்று அவருடைய அம்மா சாகும்வரை திட்டினாள். அவர் சிரித்துக்கொண்டே கையை எடுப்பார், அடுத்த கவளத்தில் அது திரும்ப வந்துவிடும். ஓர் ஆடி மாசக் காலையில் மூலக்குளம் நிறுத்தத்துக்குக் கம்பெனி வேன் பிடிக்கப் போனார். வேன்காரர் அவர் நிற்கவே இல்லை என்றார். போலீஸ், பத்திரிகையில் படம், திருவண்ணாமலை, திருப்பதி, பெங்களூர் என்று தேடியாயிற்று. சண்டை எதுவும் இல்லை. அதுதான் கொளஞ்சிக்கு இன்றுவரை பிடிபடாதது.

புதன்கிழமை அதே மேசையில் வயதான பிரெஞ்சுக்காரத் தம்பதி சாப்பிட்டார்கள். அந்த அம்மாவின் தட்டில் விதைகள் வரிசையாக இருந்தன. வியாழக்கிழமை கொளஞ்சி கையைத் துடைத்துக்கொண்டு சமையலறை மூங்கில் தட்டிக்குப் பின்னால் போய் நின்றாள்.

கிணற்றடியில் நாட்டு வாதாம் மரத்து நிழல் எந்நேரமும் விழும். கிணறு கம்பி வலை போட்டு மூடியது. மேசைக்கு இரண்டு பக்கமும் இரண்டு இரும்பு நாற்காலிகள். அன்றைக்கு உட்கார்ந்திருந்தவர் செம்பட்டைத் தாடியும் கை நிறையப் பச்சை குத்தலுமாக, நல்ல ஆகிருதியான ஆள். எதிரில் அவர் மனைவி. அவர் எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டே முள்கரண்டியைச் சுழற்றினார். மடியில் கிடந்த இடது கை மெதுவாக மேலே வந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. பேச்சும் நிற்கவில்லை. கட்டைவிரல் நகம் ஒரு விதையை இழுத்து விளிம்பில் வைத்தது, அடுத்த விதைக்குப் போனது. அவ்வளவு தடித்த விரல் அப்படி நுணுக்கமாக அசைவதைப் பார்க்கக் கொளஞ்சி தட்டியை இன்னும் கொஞ்சம் விலக்கினாள். தட்டு காலியானதும் அந்த ஆள் குனிந்து பார்த்தார். சிரிப்பு நின்றது. இடது கையைத் துணியில் துடைத்தார். துடைத்தது போதாமல் இன்னொரு தடவை துடைத்தார்.

சாயந்திரம் வீட்டுக்குள் காலை வைக்கும்போதே மகள் சிந்துஜா செல்போனை நீட்டினாள். கல்யாணப் பத்திரிகை அடிக்கிற கடையிலிருந்து மாதிரி வந்திருந்தது. தை மாசம் கல்யாணம். திருபுவனைப் பையன், நல்ல குடும்பம், நல்ல வேலை. மணமகளின் பெற்றோர் என்று போட்ட இடத்தில் கொளஞ்சியின் பெயர் மட்டும் இருந்தது. அதற்கு மேல் ஒரு வரி காலியாகக் கிடந்தது.

"அவங்க வூட்ல கேக்கறாங்கம்மா. அப்பா பேருக்கு முன்னாடி திருன்னு போடறதா, லேட்டுன்னு போடறதான்னு."

"நீ இன்னா சொன்ன?"

"அம்மாவ கேட்டு சொல்றேன்னேன். ஏழு வருஷம் முடிஞ்சிட்டா கோர்ட்லயே எறந்துட்டதா குடுத்துடுவாங்களாம். அவங்க மாமா வக்கீலு, அவர் சொன்னாரு." சிந்துஜா குரலைத் தாழ்த்தினாள். "திருன்னு போட்டா மண்டபத்துல எல்லாரும் அப்பா எங்கன்னு கேப்பாங்கம்மா. நான் யாருக்குன்னு பதில் சொல்றது?"

"அப்ப லேட்டுன்னு போட சொல்றியா?"

"நான் சொல்லமாட்டேன். என்னை சொல்ல வெக்காத." அவள் கண் கலங்கிவிட்டது. "சனிக்கெழம மத்தியானத்துக்குள்ள சொல்லணும். அதுக்கு மேல கடைக்காரரு நம்மளுக்காக நிக்க மாட்டாரு."

கொளஞ்சி விதைகளைப் பற்றி அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் சிந்துஜா அழுவாள், அல்லது சந்தோஷப்படுவாள். இரண்டுமே தாங்காது. ஏழு வருஷமாக அவர் எங்கோ ஓரிடத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறார் என்று நினைத்துத்தான் கொளஞ்சி தன் சோற்றைப் பிசைந்திருந்தாள். ஏதோ ஊர், ஏதோ ஓட்டல், வேறொருத்தி வீடாகவே இருந்தாலும் சரி. அவர் கை அவரிடம் இருந்தால் ஊர் பேர் தெரியாதவர்கள் கையில் எதற்கு வர வேண்டும்? கிணற்றடிக்கு வருவது அவர்தான் என்றால், அவர் வேறெங்கும் உயிரோடு இல்லை என்றாகிறது. அவர் வரக் கூடாது.

வெள்ளிக்கிழமை ஒரு மணி நேரம் முன்னதாகவே வேலைக்குப் போனாள். மிளகாய் டின்னைத் திறந்து, ஒவ்வொரு மிளகாயையும் கத்தரியால் கிழித்து, ஒரு விதைகூட மிச்சமில்லாமல் உதறினாள். தோலை மட்டும் வாணலிப் பக்கம் வைத்தாள். விதைகளைக் காகிதத்தில் மடித்து அடுப்பில் போட்டதும் நெடி ஏறி இருமல் வந்தது. லூச்சியாம்மா வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போனாள்.

அன்று கிணற்றடி மேசையில் இரண்டு பெண்கள், முதுகுப்பையோடு வந்தவர்கள். தட்டு உள்ளே வரும்வரை கொளஞ்சி வேறு தட்டைத் தொடவில்லை. வந்தது. விளிம்பில் விதை இல்லை. நிம்மதியாக மூச்சு விட்டாள். அப்புறம் தட்டை வெளிச்சத்தில் சாய்த்தாள். வறுத்த ரொட்டித் துகள்கள், கடுகைவிடச் சிறியவை, ஒரே இடைவெளியில், ஒரே அளவானவையாகத் தேடிப் பொறுக்கி வைக்கப்பட்டிருந்தன.

"இன்னாக்கா, ஒடம்பு சரியில்லையா?" என்றான் ஷஃபீக். அவள் முகம் அப்படி இருந்தது.

சனிக்கிழமை கூட்டம். பன்னிரண்டு மணிக்குக் கொளஞ்சி முன்றானையை அவிழ்த்து உதறிச் செருகிக்கொண்டு லூச்சியாம்மாவிடம் போனாள்.

"அம்மா, நான் கெணத்தடியில ஒக்காந்து சாப்புடணும். இன்னிக்கி மட்டும்."

வேலை செய்கிறவர்கள் பதினோரு மணிக்கே சமையலறைப் பலகையில் சாப்பிட்டுவிடுவார்கள். வாசலில் ஆட்கள் காத்திருந்தார்கள். லூச்சியாம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நேத்து விதை எல்லாம் எடுத்துப் போட்டே. நான் பார்த்தேன்."

"ஆமாம்மா."

"சாப்பிடறதுக்கு உக்கார்றியா, பேசறதுக்கா?"

கொளஞ்சி கிணற்றடிப் பக்கம் பார்த்தாள். லூச்சியாம்மா அவள் தோளைத் தொட்டுவிட்டு, ஷஃபீக்கைக் கூப்பிட்டு அந்த மேசையைத் துடைக்கச் சொன்னாள்.

ஐந்து வருஷத்தில் அந்த நாற்காலியில் அவள் உட்கார்ந்ததே இல்லை. ஷஃபீக் தட்டைக் கொண்டுவந்து, மற்றவர்களுக்கு வைப்பதுபோலவே ஒரு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வைத்தான். அவள் கரண்டியைத் தள்ளிவிட்டுக் கையால் சாப்பிட்டாள். பக்கத்து மேசைக்காரர்கள் பார்த்துப் புன்னகைத்தார்கள். எதிர் நாற்காலி காலி. இடது கையை மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அது அசையவில்லை. அவளுடைய கையாகவே இருந்தது. தட்டில் பாதி தீர்ந்தபோது வாயை அதிகம் திறக்காமல், எதிரில் இருக்கிற ஆளிடம் பேசுகிற குரலில் பேசினாள்.

"இந்தாய்யா. சிந்துஜாவுக்கு கல்யாணம். பையன் நல்ல பையன், உன்ன மாதிரி பேசாமடந்த இல்ல. பத்திரிகையில உன் பேர எப்பிடி போடறதுன்னு கேக்கறாங்க. நீ போனவன். நீதான் சொல்லணும்."

வாதாம் இலை ஒன்று கிணற்று வலைமேல் விழுந்தது. அவள் எதிர்பார்த்துக்கொண்டே இருந்தாள். பக்கத்து மேசையில் ஒரு குழந்தை கண்ணாடித் தம்ளரைத் தட்டித் தட்டி ஓசை எழுப்பியது. வேறெதுவும் நடக்கவில்லை. கோபம் வந்தது, ஏழு வருஷத்தில் முதல் தடவையாக, முழுசாக. பிறகு அந்தக் கோபமும் சோற்றோடு இறங்குவதுபோல் உள்ளே இறங்கி அடங்கியது. மிச்சத்தை ஒரு துகள் விடாமல் சாப்பிட்டு முடித்தாள். இடது கையால் போனை எடுத்தாள்.

"சிந்துஜா, கடைக்காரர்கிட்ட சொல்லிடு. பேரு மட்டும் போட சொல்லு."

"பேரு மட்டும்னா? முன்னாடி?"

"முன்னாடி ஒண்ணும் வேணாம். பக்கிரி. அவ்ளோதான்."

"கேக்கறவங்களுக்கு?"

"என்கிட்ட அனுப்பு. நான் பதில் சொல்றேன்."

எழுந்து தன் தட்டைத் தானே எடுத்துக்கொண்டாள். காத்திருந்தவர்களில் ஒரு ஜோடியை ஷஃபீக் கிணற்றடிக்கு அழைத்துவந்தான். வெயிலில் முகம் சிவந்துபோன பெண்ணும் அவள் கணவனும். கொளஞ்சி எழுந்த நாற்காலியில் கணவன் உட்கார்ந்தான். அந்தப் பெண் எதிர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தவள், உட்கார்ந்த வேகத்திலேயே எழுந்துவிட்டாள். சமையலறை வாசலில் தட்டோடு நின்ற கொளஞ்சி திரும்பிப் பார்த்தாள். காலையிலிருந்து வெயில் படாத நாற்காலி அது. இன்று யாரும் அதில் உட்காரவில்லை. அந்தப் பெண் குனிந்து இருக்கையின்மேல் உள்ளங்கையை வைத்தாள். இப்போதுதான் யாரோ எழுந்துபோன இடத்தின் சூட்டைத் தொட்டுப் பார்ப்பதுபோல வைத்துக்கொண்டு, யார் போனது என்று சுற்றுமுற்றும் தேடினாள். தெருப் பக்கக் கதவு திறந்திருந்தது.