தபால்காரர் பிடித்த வீடு

வீடு வாங்கப் போகிறவர்கள் என்ன பார்ப்பார்கள்? தண்ணீர், வெளிச்சம், பத்திரம், பக்கத்து வீட்டுக்காரியின் வாய். தபால்காரர் மனைவியும் இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி, எல்லாவற்றுக்கும் மேலே ‘சுவரில் ஈரம் கூடவே கூடாது’ என்று அடிக்கோடும் போட்டு வைத்திருந்தாள். அவளுக்குப் பத்து வருஷமாக மூச்சிழுப்பு. இருக்கிற வாடகை வீட்டை இடிக்கப் போகிறார்கள், மூன்று மாதத்தில் காலி செய்தாக வேண்டும். ஓய்வு பெற்ற புருஷனுக்குச் சேர வேண்டிய பணமும் வந்துவிட்டது. மிச்ச நாளுக்கு நிம்மதியாக மூச்சு விட ஒரு வீடு, அவ்வளவுதான் அவள் கேட்டது.

மனிதர் மசிந்தால்தானே! முதல் வீட்டில் வெயில் கூடம் வரைக்கும் வந்தது. “மாடிப்படி செங்குத்தா இருக்கு” என்றார். இரண்டாவதில் குழாய் சத்தம் போடுகிறதாம். மூன்றாவதில் சொல்ல ஒரு குறையும் அகப்படவில்லை. “என்னமோ, மனசுக்குப் பிடிக்கல.”

“அண்ணே, நீங்க வீடு பாக்க வந்தீங்களா, நொட்டை சொல்ல வந்தீங்களா?” என்று புரோக்கரே கேட்டுவிட்டார்.

நான்காவது, அவராகத் தேடிப் பிடித்தது. அவர்கள் குடியிருந்த அதே தெரு, ஒன்பது வீடு தள்ளி. உள்ளே நுழைந்ததுமே பூஞ்சை வாடை. சமையலறைச் சுவரை அவள் விரலால் தொட்டாள், பூச்சு பொலபொலவென்று உதிர்ந்தது. நெஞ்சில் விசில் கிளம்பிவிட்டது.

“இது போதும்” என்றார் அவர்.

“ஏங்க, உங்களுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா? என்னைக் கொல்றதுக்கா இந்த வீடு?”

புரோக்கர் விவரமான ஆள். ஓனருக்குப் போன் போட்டுவிட்டு வருவதாகச் சொல்லி நழுவினார்.

“நான் முப்பது வருஷம் தபால் போட்ட தெரு இது” என்றார் அவர். “இப்ப வர்ற ஆளுக்கு என்னைத் தெரியும். பழைய நம்பருக்குக் கடுதாசி வந்தாக்கூட கொண்டாந்து கையில கொடுத்துடுவாரு. வேற ஏரியா போனா திருப்பித்தான் அனுப்புவாங்க.”

“நமக்கு எவன் கடுதாசி போடப்போறான்?”

கேட்டபிறகுதான் அவளுக்கு உறைத்தது. மகன்! ஆறு வருஷத்துக்கு முன்னால், அப்பனுக்கும் பிள்ளைக்கும் வாய் முற்றி, ‘இனிமே இந்த வாசப்படி மிதிக்காதே’ என்று இவர் சொல்ல, ஒரு பையோடு இறங்கிப் போனவன். அவன் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிற இந்தக் கல்லுளிமங்கன், அவனுக்காகவா தெருவை விடமாட்டேன் என்கிறார்? அவள் கோபமெல்லாம் வடிந்துவிட்டது.

“இதை முன்னாடியே சொல்லித் தொலைச்சா என்ன? ஈரத்துக்கு எதையாவது பூசிக்கலாம், விடுங்க.”

அவர் நிமிரவில்லை. “ஒண்ணு வந்துச்சு.”

“என்னது?”

“கடுதாசி. அவன் போன மறுவருஷம். உன் பேருக்கு. என் பையிலதான் வந்துச்சு.”

“எங்க அது?”

“கோவத்துல இருந்தேன். ‘இந்த விலாசத்தில் இல்லை’ன்னு எழுதித் திருப்பிட்டேன்.”

அவர் வேலையிலிருந்து வரும் நேரம் பார்த்துத் தினமும் கதவைத் திறந்து, ‘ஏதாவது இருக்கா?’ என்று கேட்டாளே, பாவி மனுஷி! தினமும் ‘இல்ல’ என்றாரே!

“எந்த ஊர்லேர்ந்து போட்டிருந்தான்?”

“பாக்கல.”

ஊரார் விலாசத்தையெல்லாம் தூக்கத்தில் கேட்டாலும் சொல்கிறவர், பெற்ற பிள்ளையின் விலாசத்தைப் பார்க்கவில்லையாம்.

“நாம வீடு மாறிட்டோம்னு நெனச்சிருப்பான்” என்றார். “மனசு கேக்காம என்னைக்காவது மறுபடி போட்டுப் பாப்பான்ல?”

“நெனச்சிருக்க மாட்டான்.” அவளுக்குக் கத்தக்கூட மூச்சில்லை. “அவன் கையைப் பிடிச்சு எழுதப் பழக்கினது யாரு? உங்க கையெழுத்து அவனுக்குத் தெரியாதா?”

ஐந்து வருஷத்தில் ஒரு நாள்கூட அவருக்கு இது தோன்றவில்லை. அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அவளுக்குக் கிட்டே போய்த் தொட வேண்டும் போலவும் இருந்தது, இந்த ஜென்மத்தில் தொடக் கூடாது போலவும் இருந்தது. அவள் போகவில்லை.

புரோக்கர் தலையை நீட்டினார். “ஓனர் கேக்கறாரும்மா. என்ன சொல்லட்டும்?”

அவள் கையிலிருந்த தாளைப் பார்த்தாள். அதில் அடிக்கோடு போட்டிருந்ததற்கே இந்த வீடு ஒத்துவரவில்லை. மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். என்றைக்காவது வந்தால், அவன் இந்தத் தெருவுக்குத்தான் வருவான்.

“முடிச்சிடுங்க.”

“ஈரம் இருக்கேம்மா...”

“இருக்கட்டும். வெளிச்சுவத்துல எங்க பேரு எழுதணும். தெருமுனையிலேர்ந்தே தெரியற மாதிரி, பெருசா.”

“நம்ம பெயிண்டர் இருக்காரும்மா, அழகா எழுதுவாரு.”

“பெயிண்டர் வேணாம்” என்றாள், தரையில் உட்கார்ந்திருந்தவரைக் காட்டி. “இவர் கையாலயே எழுதட்டும்.”