ஆலங்குளத்திலிருந்து நான்கு மணி நேரம்

2005 தை மாதத்திலிருந்து, ஆலங்குளத்தில் பஸ் ஏறும் பெத்தணனுக்குத் தாயில்பட்டி வந்து சேர நான்கு மணி நேரம் பிடித்தது. அதே பஸ்ஸில் வந்த மற்றவர்களுக்கு அரை மணி நேரம்தான். டிக்கெட் எல்லாருக்கும் ஒரே விலை.

அதற்கு முந்தைய மாதம்தான் சொந்த ஊரான தாயில்பட்டி அவனைச் சிங்கப்பூருக்கு வழியனுப்பியிருந்தது. விமானப் படம் போட்ட பிளக்ஸ் கட்டி, வேன் பிடித்து, மாலை போட்டு அனுப்பினார்கள். சென்னையில் ஏஜெண்டின் அறை பூட்டிக் கிடந்தது. மாலை வாடுவதற்குள் ஊருக்குத் திரும்பி நிற்க யாருக்குத்தான் முகம் இருக்கும்? ஆலங்குளத்தில் சுண்ணாம்புக்கல் லோடு ஏற்றும் வேலையில் ஒளிந்துகொண்டான். அங்கிருந்து, அக்கா பாண்டிச்செல்வியின் பக்கத்து வீட்டு வினோலியா டீச்சர் போனுக்குக் கூப்பிட்டு, சிங்கப்பூரிலிருந்து பேசுவதாக அக்காவிடம் சொன்னான். எம்புட்டுத் தூரம்லே என்று அவள் கேட்டாள். முன்பு சிவகாசியில் டைரி பைண்டிங் செய்தபோது கடைசிப் பக்கத்து அட்டவணையில் பார்த்தது கைகொடுத்தது.

"ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரம் கிலோமீட்டர், அக்கா. பிளேன்ல நாலு மணி நேரம்."

மறுவாரம் அக்கா வீட்டைத் தூரத்திலிருந்தாவது பார்க்கலாம் என்று பஸ் ஏறினான். பஸ் தாயில்பட்டியில் ஆட்களை இறக்கிவிட்டுப் போய்விட்டது. அவன் இருக்கை மட்டும் வந்து சேரவில்லை. ஜன்னலுக்கு வெளியே வெறும் மேகமாகப் போய்க்கொண்டிருந்தது. அக்காவிடம் சொன்ன நான்கு மணி நேரம் முடிந்ததும், பஸ்ஸே இல்லாத நிறுத்தத்தில் காது அடைக்க இறங்கினான். பிறகு மாதம் ஒருமுறை அப்படி வந்து, துண்டால் முக்காடிட்டு, எதிர்ச்சாரி வேப்பமரத்தடியில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினான்.

2007 ஆனியில் அக்கா மகள் பானுப்பிரியா பெரியவளானாள். "மாமன் வந்து மாலை போடாம புள்ளையக் குடிசைய விட்டு வீட்டுக்குள்ள எடுக்க மாட்டேன்" என்று போனில் தீர்த்துச் சொல்லிவிட்டாள் பாண்டிச்செல்வி. நேரம் சொல்லவில்லை. விசேஷம் என்றால் ஒன்பது மணிக்குள் முடிந்துவிடும் என்பது அவனுக்கும் தெரியும். முந்தின நாளே கிளம்பியிருக்கலாம். வெட்கம் விடவில்லை. விடிந்தபிறகுதான், சிவகாசி பஜாரில் வாங்கிய கோடாலித் தைலமும் மாலையுமாக முதல் பஸ்ஸைப் பிடித்தான்.

அவன் இறங்கியபோது பதினொன்றே முக்கால். எல்லாம் முடிந்திருக்கும், பிள்ளை மாமன் இல்லாமலே உள்ளே போயிருப்பாள் என்று அழுகையை அடக்கிக்கொண்டு நடந்தான். பந்தலில் ஒருவரும் இன்னும் கை நனைக்கவில்லை. பானுப்பிரியா பச்சோலைக் குடிசைக்குள்தான் உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, பிளேன் கொஞ்சம்..." என்றான். அவள் அவன் தலையில் படிந்திருந்த சுண்ணாம்புத் தூசியைத் தட்டிவிடுவதுபோல் காதருகே குனிந்தாள்.

"மொத நாளே போனுல கல்லு ஒடைக்கிற வேட்டு கேட்டுச்சுலே. பட்டாசு உருட்டுறவளுக்கு வேட்டுச் சத்தம் தெரியாதா? இந்தப் பக்கம் கல்லு வேட்டு ஆலங்குளத்துலதான. அங்க மொத பஸ்ஸு ஏழே முக்காலுக்கு. நீ சொன்ன நாலு மணி நேரத்தையும் கூட்டி, பன்னெண்டுக்கு நேரம் குறிச்சேன். மாலையப் போடு."

கன்னத்தில் ஒன்று விட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். மாலை போடக் கை தூக்கியவனுக்கு, பிள்ளையின் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. பந்தியில் உட்கார்ந்தபோது, சிங்கப்பூரில் மழையா என்று ஊர்ப் பெரியவர்கள் மரியாதையாக விசாரித்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு அந்த வீட்டு விசேஷங்களெல்லாம் மதியம் பன்னிரண்டு மணிக்குத்தான். ஜோசியரும் காரணம் கேட்பதில்லை.