மலை முத்திரை போட்ட பிலிம்

சச்சிதானந்தனுக்கு ஒரு ஜப்பான் பிலிம் கம்பெனியின் மேல் பதினொரு வருடப் பைத்தியம். ஹொகுசேய் என்ற அந்தக் கம்பெனியை மூடி ஐம்பது வருடமாகிறது. மெல்பேர்ணில் அதன் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் எல்லோரையும் ஒரு வான் வண்டியில் ஏற்றலாம், இடமும் மிஞ்சும். அவரோ இங்கே ஒரு பிலிம் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் தரம் பார்த்து ஓய்வு பெற்ற கையோடு அதன் சரித்திரத்தை எழுதத் தொடங்கி, நானூறு பக்கம் தாண்டியும் முடித்தபாடில்லை.

"சனம் படம் எடுக்கப் பிலிம் வாங்கும். இந்த மனுசன் பிலிமை வாங்கிக் கும்பிடுது" என்பார் மனைவி பவளம்.

ஆடி அமாவாசைக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, ஸ்பிரிங்வேல் புறநகரிலிருந்து ஊர்க்காரி கமலினி அக்கா வந்தார். எண்பத்துநாலு வயது. கைப்பையிலிருந்து ஒரு தையல் பெட்டியை எடுத்தார். ஊசி நூல்களுக்கு அடியில், ஹொகுசேய் என்று அச்சடித்த காகிதம் சுற்றிய பிலிம் சுருள் ஒன்று கிடந்தது. சச்சிதானந்தன் மூக்குக்கண்ணாடியைத் தேடினார்.

"இது அப்பான்ரை, தம்பி. மலாயாவில ரயில்வேக் கிளாக்கு. நான் பிறந்த கையோட அம்மாவையும் என்னையும் ஊருக்கு அனுப்பிப்போட்டார். பிறகு யப்பான்காரன் சயாம் ரயில்பாதை போடக் கொண்டுபோக, அங்கை காய்ச்சலில செத்துப்போனாராம். நாற்பத்திமூண்டில. ஐம்பதாம் ஆண்டு அவரின்ரை கூட்டாளி ஒராள் பெட்டியைக் கொண்டந்து தந்தவர். அதுக்குள்ளை இதுவும் கிடந்தது. அம்மா இதைக் கழுவ விடவே இல்லை."

வீட்டிலிருந்த அப்பா அம்மாவின் கல்யாணப் படமும் போர்க்கால இடம்பெயர்வில் போய்விட்டது. தையல் பெட்டி மட்டும் தப்பியது. "ஆடி அமாவாசைக்குப் படைக்க ஒரு முகமில்லை. ஒருக்கா அந்த முகத்தைப் பாக்க வேணும். ஏலுமே?"

"ஏலும்" என்றார் சச்சிதானந்தன். அவர் யோசித்தது முகத்தைப் பற்றி அல்ல. மலாயாவோடு தொடர்புள்ள வீடுகளில் ஜப்பான் பொருள் எது இருந்தாலும் அது யுத்தத்தில் ஜப்பான் மலாயாவைப் பிடித்திருந்த 'யப்பான்காலத்து'ப் பொருள்தான். சரித்திரம் எழுதுகிறவரும் அதையே நம்பினார். ஹொகுசேய் முதலில் ஒரு கடற்கரை ஊரில் இயங்கியது. அப்போது செய்த பிலிமின் ஓரத்தில் சின்னதாய் ஓர் அலை முத்திரை இருக்கும், கழுவினால்தான் தெரியும். நாற்பத்தைந்தில் குண்டு விழுந்து தொழிற்சாலை எரிந்தது. நாற்பத்தெட்டில் மலையடிவாரத்தில் மறுபடி தொடங்கினார்கள். அன்று முதல் மலை முத்திரை. அலை போட்ட பிலிம் ஒன்றைக்கூட அவர் கண்ணால் கண்டதில்லை. புத்தகத்தின் ஐந்தாம் அத்தியாயம் அதற்காகத்தான் வெற்றிடத்தோடு காத்திருந்தது.

அடுத்த நாள் உடுப்புத் தோய்க்கும் அறையின் கதவிடுக்கில் துவாய் திணித்து, இருட்டில் சுருளைப் பிரித்துக் கழுவினார். ஜூலைக் குளிரில் தண்ணீர் விரலைக் கடித்தது. எட்டுப் படங்களில் ஏழு கரிக்கட்டை. ஒன்று மட்டும் பிழைத்திருந்தது. பலகை வீட்டுப் படியில் சைக்கிளைப் பிடித்தபடி ஒரு மனிதர். நெற்றி ஏறிய முகம்.

சச்சிதானந்தன் முகத்தை விட்டுவிட்டு ஓரத்தைப் பார்த்தார். மலை.

முதலில் ஏமாற்றம்தான் வந்தது. ஐந்தாம் அத்தியாயம் போயிற்று. பிறகுதான் வருடங்கள் மண்டையில் ஏறின. நாற்பத்திமூன்றில் செத்தவர், நாற்பத்தெட்டுக்கு முன் உலகத்திலேயே இல்லாத பிலிமில் நிற்கிறார். அலைக்காக ஆசைப்பட்டதை நினைக்க அவருக்கு வெட்கமாக இருந்தது. கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

பவளம் விஷயத்தைக் கேட்டுவிட்டு, கத்தரிக்கோலை எடுத்து மேசையில் வைத்தார். "ஓரத்தை வெட்டிப்போட்டுக் குடுங்கோ. அக்கா முகத்தைத்தானே கேட்டவ."

வெட்டுவது சுலபம். இரண்டு நாள் கத்தரிக்கோல் மேசையிலேயே கிடந்தது, சச்சிதானந்தன் அதைச் சுற்றிச் சுற்றி நடந்தார். பழுதான பிலிமைச் சரி என்று ஒருநாளும் கையெழுத்து வைக்காத ஆள். இப்போது எண்பத்துநாலு வயது மனுசி ஒருத்திக்காக வைக்கலாமா என்று தன்னையே கேட்டுப் பார்த்தார். கை வரவில்லை. ஓரத்தோடு சேர்த்தே படத்தை அச்செடுத்தார்.

கமலினி அக்கா கதிரையில் உட்கார்ந்து படத்தை வாங்கினார். கண்ணாடியை மாட்டி, கழற்றி, மறுபடி மாட்டினார். "அப்பாதான்" என்றார். "கல்யாணப் படத்திலையும் இப்பிடித்தான் ஒரு தோளைச் சரிச்சுக்கொண்டு நிக்கிறவர்." பெருவிரலால் அந்த முகத்தைத் தடவினார். சச்சிதானந்தன் அந்த இடத்திலேயே வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"அக்கா, இந்த ஓரத்தில ஒரு மலை தெரியுதெல்லே" என்று தொடங்கினார் சச்சிதானந்தன். எரிந்த தொழிற்சாலை, அலை, மலை, எல்லாவற்றையும் சொன்னார். பவளம் எழுந்து குசினிக்குள் போய்விட்டார்.

"அப்ப நாற்பத்தெட்டில அப்பா உயிரோட."

"அதுக்குப் பிறகும் இருந்திருக்கலாம். அதுக்கு முன்னம் இந்தப் பிலிமே இல்லை, அக்கா."

கமலினி அக்கா அழவில்லை. தையல் பெட்டியை மூடினார். "அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கும். பெட்டி கொண்டந்த ஆள் சொல்லியிருப்பார். அதுதான் கழுவவும் விடேல்லை, எறியவும் இல்லை. கடைசி மட்டும் வெள்ளைச்சீலையோடதான் திரிஞ்சவ." பிறகு படத்தைப் பார்த்தபடி கேட்டார். "ஐஞ்சு வயசிலயிருந்து அப்பாவுக்கெண்டு ஆடி அமாவாசை விரதம் பிடிக்கிறன், தம்பி. அதில எத்தினை, உயிரோட இருந்த மனுசனுக்குப் பிடிச்சனான்?"

ஹொகுசேய் எந்த மாதம் எந்த இயந்திரத்தை வாங்கியது என்று தேதியோடு சொல்லக்கூடிய மனிதர் விரல்விட்டு எண்ணத் தொடங்கி, பாதியில் நிறுத்தினார்.

பவளம் தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்தார். வேறு என்ன பேசுவதென்று தெரியாமல், "அப்ப வாற வியாழன் விரதம் என்ன செய்யப் போறியள், அக்கா?" என்று கேட்டார்.

"விரதக் கறிக்குக் காத்தோட்டிக்காய் வாங்கி வைச்சிட்டன்" என்றார் கமலினி அக்கா. படத்தைத் தையல் பெட்டிக்குள் வைக்காமல் கையிலேயே வைத்திருந்தார். "அவருக்கு இப்ப நூற்றிப்பன்ரெண்டு வயசு. இனியெண்டாலும் செத்திருப்பார்தானே. பிடிக்கத்தான் வேணும்."